இல்லாமையா, அழுத்தமா? – மண்டையோட்டை வாசித்த வரலாறு

எலும்பு கெட்டியானது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மண்டையோடு என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் பிறந்து ஒன்றிரண்டு வருஷத்துக்குள் இருக்கும் குழந்தையின் மண்டை இன்னும் ஓடாக ஆகியிருக்காது. தனித்தனித் தகடுகள், இடையில் இறுகாத பொருத்துகள், மேலே உச்சிக்குழி. உள்ளே எது தள்ளினாலும் தகடுகள் விலகிக் கொடுக்கும். மூளை வளர்ந்து தள்ளினால் தலை வளரும். நீர் தேங்கித் தள்ளினால் தலை வீங்கும். ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு நீர்க்கட்டி இருந்து, அது மாதக்கணக்கில் நாடித் துடிப்போடு சேர்ந்து தள்ளிக்கொண்டே இருந்தால், அந்தப் பக்கத்து நெற்றிப்பொட்டு புடைத்து, எலும்பு மெலிந்து, முகமே கோணலாகத் தெரியும். ஆக, மண்டையோட்டின் வடிவம் என்பது உள்ளே நடந்த தள்ளுமுள்ளின் பதிவு. இந்தப் பதிவை யார் வாசித்தார்கள், எப்படி வாசித்தார்கள், அந்த வாசிப்பின் பேரில் கத்தி எப்போது வந்தது, எப்போது வராமல் நின்றது என்பதுதான் இங்கே பேச வேண்டிய விஷயம்.

கட்டி என்றதும் புற்றுநோய் ஞாபகத்துக்கு வரும். இது அது இல்லை. மூளையைச் சுற்றி மூன்று உறைகள் உண்டு. நடுவில் இருப்பது சிலந்திவலை மாதிரியான மெல்லிய சவ்வு. கருவில் மூளை உருவாகும் நாட்களிலேயே இந்தச் சவ்வு சில இடங்களில் இரண்டாகப் பிரிந்து, நடுவே தெளிந்த நீரோடு ஒரு பையாகிவிடுவதுண்டு. இவற்றில் ஏறக்குறைய பாதி, காதுக்கு மேலே மூளையின் பக்க மடல் உட்கார்ந்திருக்கும் குழியில் காணப்படுகின்றன. ஆண்களிடமும் இடது பக்கத்திலும் அதிகம். ஏன் இடது என்பதற்குத் திருப்தியான பதில் இன்றுவரை இல்லை.

இந்தப் பைகளைப் பற்றிய ஆரம்பகால விவரிப்பாக எல்லோரும் காட்டுவது 1831இல் லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியின் ரிச்சர்ட் பிரைட் எழுதியது. சிறுநீரக நோய்க்குத் தன் பெயரைக் கொடுத்த அதே பிரைட்தான். அதே புத்தகத்தில்தான் ஜேம்ஸ் கார்டினல் என்ற மனிதரைப் பற்றியும் எழுதுகிறார். பிறந்த கொஞ்ச நாளிலேயே தலை வீங்கத் தொடங்கி, பிரம்மாண்டமான தலையோடு முப்பது வயதுக்குச் சமீபம்வரை வாழ்ந்து, 1825இல் அந்த ஆஸ்பத்திரியிலேயே இறந்தவர். பின்னால் வெளிச்சம் இருந்தால் அந்தத் தலைக்குள் ஒளி ஊடுருவுவது தெரிந்ததாம். வாசிக்கத் தெரிந்தவர், பேச்சில் குழப்பமில்லாதவர். இறந்த பிறகு திறந்து பார்த்தபோது மூளை கபாலத்தின் அடித்தளத்தில் கிடந்தது, மேலே முழுக்க நீர். மண்டையோடு அந்த ஆஸ்பத்திரியின் காட்சிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

நவீன மருத்துவப் பார்வை பிணத்தைத் திறந்ததில்தான் பிறந்தது என்று 1963இல் 'மருத்துவமனையின் பிறப்பு' நூலில் ஃபூக்கோ சொன்னதைத் தோழர்கள் அறிவார்கள். எல்லாவற்றுக்கும் அவரைக் கூப்பிட வேண்டியதில்லைதான். ஆனாலும் பிரைட்டின் பக்கங்களில் அது அப்பட்டமாகத் தெரிகிறது. உயிரோடு இருந்த கார்டினலைப் பற்றி மருத்துவருக்கு அவர் தலையின் சுற்றளவுதான் தெரியும். உள்ளே என்ன என்று தெரிய அவர் செத்தாக வேண்டியிருந்தது.

டாக்டர்கள் இப்படிச் சாவுக்குக் காத்திருந்த அதே நூற்றாண்டில், காத்திருக்கப் பொறுமையில்லாத ஒரு கூட்டம் வெளியிலிருந்தே உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுவேன் என்று கிளம்பியது. வியன்னாவில் ஃபிரான்ஸ் ஜோசஃப் கால், மண்டையின் மேடுபள்ளத்தைத் தடவி மனிதனின் குணத்தைச் சொல்லலாம் என்றார். இதில் ஒரு முரண் உண்டு. காலை மூளையைப் பற்றி யோசிக்கவைத்தவர்களில் ஒருவர், தலையில் நீர் கோத்த ஒரு பெண். அவ்வளவு பெரிய தலையோடும் அவளுடைய புத்தி மற்றவர்களைப் போலவே சரியாக இருந்தது. மூளை அழியாமலே மடிப்பு விரிந்து தட்டையாக முடியும் என்று கால் அதிலிருந்து எடுத்துக்கொண்டார். சரியான திசையில் வைத்த அடிதான். ஆனால் அவர் சீடர்களுக்கு இது தேவைப்படவில்லை. மேடு என்றால் திறமை, பள்ளம் என்றால் இல்லாமை. இந்தக் கணக்கு போதுமானதாக இருந்தது.

கணக்கு அங்கிருந்து இனத்துக்குப் போனது. பிலடெல்பியாவில் சாமுவேல் ஜார்ஜ் மார்ட்டன் உலகெங்கிலுமிருந்து மண்டையோடுகளைச் சேகரித்து, விதைகளைக் கொட்டி (ஈயக் குண்டுகள் பிற்பாடு வந்தன) உள்ளளவை எடுத்து, 1839இல் புத்தகம் போட்டார். யார் மேலே, யார் கீழே என்று அதில் வரிசை வந்துவிட்டது. அவர் அளவுகளைத் தெரியாமலே திருகினாரா என்று 1978இல் ஸ்டீஃபன் ஜே கூல்டு தொடங்கிவைத்த சண்டை, 2011இல் வேறு சிலர் அதே ஓடுகளைத் திரும்ப அளந்த பிறகும் ஓயவில்லை. அளவு சரியாகவே இருக்கட்டும். அளந்ததற்குக் கொடுத்த அர்த்தம் எங்கிருந்து வந்தது என்பதல்லவா கேள்வி?

நம்ம ஊருக்கும் இது வந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885இல் வந்த எட்கர் தர்ஸ்டன், காலிப்பரும் அளவு நாடாவுமாக மாகாணம் முழுக்கச் சுற்றி, சாதிவாரியாகத் தலை நீளம், தலை அகலம், மூக்கு அகலம் எல்லாம் எடுத்தார். 1909இல் ரங்காச்சாரியின் துணையோடு ஏழு தொகுதிகளாக வந்த அவருடைய நூலை நம்முடைய ஆய்வாளர்கள் இன்றும் மேற்கோள் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் காலிப்பருக்கு நீர்க்கட்டி தெரியாது. அம்மா வயிற்றில் நடந்ததும், குழந்தைப் பருவத்துச் சத்துக் குறைவும் அதற்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது எலும்பும் சாதிப் பெயரும் மட்டும்தான்.

உயிரோடு இருக்கிறவரின் மண்டைக்குள் பார்க்க முதல் வழி 1918இல் கிடைத்தது. பால்டிமோரில் வால்டர் டாண்டி, குழந்தைகளின் மூளை அறைகளிலிருந்து நீரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார். காற்று கறுப்பாகத் தெரியும், அதன் விளிம்பை வைத்து மூளை எங்கே நகர்ந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். அடுத்த வருஷம் முதுகுத்தண்டு வழியாகவே காற்றை ஏற்றிக் காட்டினார். எழுத இரண்டு வரிதான் ஆகிறது. அனுபவித்தவர்களுக்குத் தலை வெடிக்கும் வலி, வாந்தி, நாள்கணக்கில் படுக்கை. அடுத்த ஐம்பது வருஷத்துக்கு மூளைக்குள் பார்க்க இதைவிட்டால் ரத்தக் குழாயில் சாயம் ஏற்றிப் படம் எடுப்பதுதான் வழி. 1949இல் வேலூரில் ஜேக்கப் சாண்டியும் 1950இல் சென்னைப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தியும் நரம்பு அறுவைப் பிரிவுகளைத் தொடங்கியபோது உலகம் முழுவதும் இதே நிலைமைதான்.

காற்றுப் படங்களில் ஒரு விசித்திரம் தென்பட்டது. சிலருக்குக் காதுக்கு மேலே எலும்பு புடைத்திருந்தது. திறந்து பார்த்தால் அந்த இடத்தில் மூளை மடல் இருக்க வேண்டிய அளவுக்கு இல்லை. நீர்தான் இருந்தது. இதற்கு என்ன பொருள்? 1964இல் ராபின்சன் என்ற நரம்பு அறுவை நிபுணர் 'பிரெய்ன்' இதழில் ஒரு விளக்கம் எழுதினார். இவர்களுக்குப் பக்க மடல் பிறவியிலேயே உருவாகவில்லை, உருவாகாத இடத்தில் நீர் வந்து நிரம்பியிருக்கிறது என்பது அந்த விளக்கம். நோய்க்கு வைத்த பெயரே 'மடல் இல்லாமை' என்ற அர்த்தத்தில்தான் இருந்தது.

இந்தப் பெயரிடலைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இல்லாமை என்று சொல்லிவிட்டால் வரலாறு முடிந்துவிடுகிறது. தள்ளியது யார், தள்ளப்பட்டது எது என்ற கேள்வி எழாது. நீர் வெறும் நிரப்பு. அதை வெளியேற்றினால் திரும்பி வர அங்கே எதுவுமில்லை என்றாகிவிடும். கத்திக்கும் அங்கே வேலை குறைவு. நோயாளிக்கு வலிப்பு இருந்தாலும் பேச்சு தாமதமானாலும் 'அவனுக்கு அந்தப் பாகமே கிடையாது' என்பதில் எல்லாம் அடங்கிவிடும். 'இவங்களுக்கு இயல்பிலேயே அது கிடையாது' என்ற வாக்கியத்தைப் பள்ளிக்கூடத்திலும் ஆபீசிலும் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் நிறைய. அதனால்தான் ஒரு மருத்துவப் பெயரைப் பற்றி இவ்வளவு நேரம் பேச வேண்டியிருக்கிறது.

ஆனால் எலும்பு வேறு சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. வெற்றிடம் தள்ளாது. மூளையின் ஒரு பக்கம் உண்மையாகவே வளராமலோ சிறுவயதிலேயே சுருங்கியோ போனால் அந்தப் பக்கத்து மண்டை என்ன ஆகும் என்பது 1933லிருந்தே தெரியும். டைக், டேவிடாஃப், மாஸன் மூவரும் அதை எழுதியிருந்தார்கள். எலும்பு தடிக்கும், மண்டை உள்வாங்கிச் சிறுக்கும். இங்கேயோ நேர்மாறு. எலும்பு மெலிந்து வெளியே புடைத்திருக்கிறது. 1958இல் ஸ்டார்க்மனும் கூட்டாளிகளும் நுண்ணோக்கியில் பார்த்து, இந்தப் பைகள் சிலந்திவலைச் சவ்வு இரண்டாகப் பிரிந்த இடத்திலேயே இருக்கின்றன என்று காட்டியிருந்தார்கள். அதாவது பைதான் முதல், மூளை நசுங்கியது அதற்குப் பிறகு. சாட்சிகள் எல்லாம் 1964க்கு முன்பே கைவசம் இருந்தன. வாசிக்கிற முறைதான் இல்லை.

ராபின்சனைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. 1971இல் அவரே தன் விளக்கத்தை மாற்றிக்கொண்டார். கோளாறு சவ்வில்தான், மூளையில் இல்லை என்று எழுதினார். தான் வைத்த பெயரைத் தானே திரும்ப எடுத்துக்கொள்வது ஆய்வுலகில் அடிக்கடி நடக்கிற காரியமில்லை.

அதே 1971 அக்டோபர் 1ஆம் தேதி லண்டன் விம்பிள்டனில் அட்கின்ஸன் மோர்லி ஆஸ்பத்திரியில் காட்ஃப்ரே ஹௌன்ஸ்ஃபீல்டின் இயந்திரத்துக்குள் முதல் நோயாளியின் தலை போனது. பீட்டில்ஸ் ரெக்கார்டுகளை வெளியிட்ட அதே இ.எம்.ஐ. கம்பெனியின் இயந்திரம். உள்ளே போனவர் ஒரு பெண். படத்தில் தெரிந்தது முன்மூளையில் நீர் நிரம்பிய ஒரு கட்டி. நாம் பேசுகிற சவ்வுப் பை இல்லை, வேறு வகை. ஆனாலும் சி.டி. ஸ்கேன் மனிதருக்குள் பார்த்த முதல் சங்கதியே மூளையில் ஒரு நீர்ப்பைதான். காற்று ஏற்றாமல், வலியில்லாமல், உயிரோடு இருப்பவரின் மண்டைக்குள் நீர் எங்கே, மூளை எங்கே என்று பார்க்க முடிந்தது. 1982இல் இத்தாலியின் கலாஸியும் குழுவினரும் பக்கக் குழிக் கட்டிகளை மூன்று வகையாகப் பிரித்தார்கள். மூன்றாவது வகைதான் பெரியது. குழி முழுவதையும் அடைத்து, எலும்பைப் புடைக்கவைத்து, மூளையின் நடுக்கோட்டையே மறுபக்கம் தள்ளுவது.

சரி, பை தள்ளுகிறது என்று தெரிந்துவிட்டது. இனி என்ன செய்வது? வழி இரண்டுதான். மண்டையைத் திறந்து பையின் சுவரைக் கிழித்து, உள்ளே இருக்கும் நீர் மூளையின் அடியிலுள்ள இயல்பான நீர்த் தேக்கங்களுக்குப் போக வாசல் வைக்கலாம். இல்லாவிட்டால் ஒரு குழாயின் ஒரு முனையைப் பைக்குள்ளும் மறுமுனையைக் குடலைச் சுற்றியுள்ள வயிற்றறைக்குள்ளும் வைத்து, தோலுக்கடியில் கழுத்து வழியாக நீரை இறக்கிவிடலாம். ஷண்ட் என்கிறார்கள். முதலாவதில் ஆபத்து அன்றைக்கு. இரண்டாவதில் அன்றைக்குச் சுலபம், ஆபத்து ஆயுசுக்கும்.

நீர்க்கட்டிக்கென்று இந்தக் குழாயை யாரும் தனியாகக் கண்டுபிடிக்கவில்லை. மூளை அறைகளில் நீர் தேங்கித் தலை வீங்கும் குழந்தைகளுக்காகச் செய்ததைத்தான் கட்டிக்கும் வைத்தார்கள். அதன் கதையில் டாக்டர்களைவிட மற்றவர்கள்தான் சுவாரசியம். நம் மூளை ஒரு நாளைக்கு ஏறத்தாழ அரை லிட்டர் நீரைச் சுரக்கிறது. அழுத்தம் கூடும்போது மட்டும் திறந்து, குறைந்ததும் மூடிக்கொள்கிற வால்வு இல்லாமல் வெறும் குழாயை வைத்துப் பயனில்லை. 1955இல் பிலடெல்பியாவில் ஜான் ஹோல்ட்டருக்குத் தண்டுவடக் குறைபாட்டோடு ஒரு மகன் பிறந்தான், தலையிலும் நீர் தேங்கியது. ஹோல்ட்டர் ஒரு பூட்டுக் கம்பெனியில் வேலை செய்த தொழில்நுட்பக்காரர். டாக்டர் ஸ்பிட்ஸ் கையிலிருந்த வால்வுகள் சரியாக வேலை செய்யவில்லை என்று கண்டு, தன் வீட்டுப் பட்டறையில் உட்கார்ந்து சிறு கீறலிட்ட மீள்தன்மையுள்ள வால்வு ஒன்றைச் செய்தார். அதற்கான சரியான பொருள் சிலிக்கோன் என்று கண்டதும் அவர்தான். 1956இல் அந்த வால்வு முதலில் வேறொரு குழந்தைக்குள் போனது. மார்ட்டன் ஈயக் குண்டு கொட்டி மண்டையை அளந்த அதே ஊர்.

1960 டிசம்பரில் நியூயார்க்கில் எழுத்தாளர் ரோல்டு டாலின் நாலு மாத மகன் இருந்த தள்ளுவண்டியை டாக்சி ஒன்று மோதியது. மண்டை உடைந்து நீர் தேங்க, ஷண்ட் வைத்தார்கள். அது அடைத்துக்கொண்டே இருந்தது. டால், பொம்மை விமான எஞ்சின்கள் செய்துகொண்டிருந்த ஸ்டான்லி வேடையும் லண்டன் குழந்தை அறுவை நிபுணர் கென்னத் டில்லையும் ஒன்றுசேர்த்தார். 1962இல் அடைப்பு குறைவான வால்வு வந்தது. லாபம் வேண்டாம் என்று மூவரும் முடிவு செய்திருந்தார்கள். அதற்குள் டாலின் பையனுக்கு அது தேவைப்படவில்லை. ஆயிரக்கணக்கான மற்ற குழந்தைகளுக்குப் போனது.

இதை 'தந்தையின் பாசம்' கதையாக்கிச் சினிமா எடுக்கலாம். நமக்கு வேறு ஒன்று கவனத்துக்குரியது. மருத்துவ வரலாறு அறுவை நிபுணரின் கையைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருக்க, அந்தக் கைக்குள் இருந்த சாமானைச் செய்தவர் பூட்டுப் பட்டறைக்காரராகவும் பொம்மை எஞ்சின்காரராகவும் இருந்திருக்கிறார். பட்டறை அறிவுக்கு அறிவு என்ற பெயர் எப்போது கிடைக்கும் என்பது நம்மூரிலும் தீராத கேள்வி.

குழாயின் விலை இன்னொரு கதை. 1998இல் வெளிவந்த ஒரு பெரிய ஒப்பீட்டு ஆய்வில், குழந்தைகளுக்கு வைத்த ஷண்டுகளில் ஏறக்குறைய பாதி இரண்டு வருஷத்துக்குள் பழுதாயிருந்தன. பழுதானால் மணிக்கணக்கில் ஆஸ்பத்திரி போய்ச் சேர வேண்டும். நகரத்தில் இருப்பவருக்கு அது ஒரு ஆட்டோ சவாரி. கிழக்கு உகாண்டாவில் அது சாவு. எம்பாலே நகரில் 2001இல் தொடங்கிய குழந்தைகள் ஆஸ்பத்திரியில் பெஞ்சமின் வார்ஃப் என்ற அமெரிக்க அறுவை நிபுணர் இரண்டு ஷண்டுகளை ஒப்பிட்டார். ஒன்று 650 டாலர் மதிப்புள்ள அமெரிக்கத் தயாரிப்பு. மற்றது லக்னோவின் டி. கே. சாப்ரா வடிவமைத்து, உத்தரப் பிரதேசம் ஷாஜகான்பூரில் தயாராகும் 35 டாலர் ஷண்ட். 2005இல் முடிவு வந்தது. ஒரு வருஷத்தில் இரண்டுக்கும் சொல்லும்படியான வித்தியாசமில்லை.

அங்கே இன்னொன்றும் நடந்தது. குழாயே வேண்டாம், மூளையின் மூன்றாம் அறையின் தளத்தில் ஒரு துளை போட்டு, நீர் சுரக்கும் திசுவைக் கொஞ்சம் சுட்டுவிட்டால் போதுமா என்று வார்ஃப் பார்த்தார். புதுசில்லை. 1910இல் சிகாகோவின் லெஸ்பினாஸ் சிறுநீர்ப்பைக் கருவியை வைத்துச் சுட்டுப் பார்த்ததும், 1923இல் பாஸ்டனில் மிக்ஸ்டர் அதே மாதிரிக் கருவியால் துளை போட்டதும் இதைத்தான். குழாய் வந்ததும் பணக்கார நாடுகள் மறந்துபோன முறை. ஆஸ்பத்திரி தூரமாக இருந்த இடத்தில் அது திரும்பி வந்தது. 2017இல் நூறு உகாண்டாக் குழந்தைகளை வைத்து வந்த ஆய்வு, தொற்றால் நீர் தேங்கிய குழந்தைகளின் அறிவு வளர்ச்சியில் ஒரு வருஷ முடிவில் இரண்டு முறைக்கும் கணிசமான வேறுபாடு இல்லை என்றது. அதே எண்டோஸ்கோப்தான் இன்று நீர்க்கட்டிச் சுவரில் வாசல் வைக்கவும் பயன்படுகிறது. ஒரு சின்னத் துளை வழியாகவே வேலை முடிகிறது. கட்டிக்குள் ஷண்ட் வைத்த பல குழந்தைகள் அந்தக் குழாயில்லாமல் வாழ முடியாதவர்களாகவே ஆகிவிடுவதைப் பார்த்த பிறகு, பல இடங்களில் முதலில் துளை, முடியாவிட்டால் குழாய் என்றாகியிருக்கிறது.

இப்போது பிரச்சினை தலைகீழாகிவிட்டது. எம்.ஆர்.ஐ. எடுக்க எடுக்கக் கட்டிகள் கிடைத்துக்கொண்டே இருக்கின்றன. 2010இல் அமெரிக்காவில் ஸ்கேன் எடுக்கப்பட்ட 11,738 குழந்தைகளின் படங்களைப் பார்த்ததில் 2.6 சதவீதத்தினருக்கு இந்தப் பை இருந்தது. 2013இல் 48,417 பெரியவர்களில் 1.4 சதவீதம். மிகப் பெரும்பாலோருக்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் அகப்பட்டது. பார்த்துவிட்ட பிறகு சும்மா இருப்பது எப்படி? பார்ப்பதும் அறுப்பதும் ஒரே கட்டடத்தில், ஒரே பில்லில் இருக்கும்போது இந்தக் கேள்வி மருத்துவக் கேள்வியாக மட்டும் இருப்பதில்லை.

நார்வேயின் பெர்கனில் க்னூட் வெஸ்டர், உளவியலாளர் ஹுக்டாலோடு சேர்ந்து 1995இல் இடப்பக்கக் கட்டி உள்ளவர்களைச் சோதித்தார். அறுவைக்கு முன் மங்கியிருந்த சில கேட்டல், நினைவுத் திறன்கள் அறுவைக்குப் பின் மீண்டதாக எழுதினார். நசுங்கியிருந்தது திரும்ப வந்தது. ராபின்சனின் இரண்டாவது வாசிப்புக்கு இது பலமான சாட்சி. அதே சமயம் தலைவலியும் நினைவுமறதியும் உள்ள ஒவ்வொருவரையும் மேசைக்கு அனுப்ப இது போதாது என்று வேறு நிபுணர்கள் வாதிடுகிறார்கள். அறுவையையும் காத்திருப்பதையும் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்ட நல்ல பெரிய ஆய்வு இல்லாதவரை இந்த வாதம் தீராது. அறுவைக்குப் பிறகு மூளைக்கும் எலும்புக்கும் நடுவே ரத்தமோ நீரோ தேங்குவதும் நடக்கிறது. கை வைக்காவிட்டாலும், தலையில் அடிபட்டால் பை கிழிந்து ரத்தம் கசிவது அபூர்வமாக நடக்கிறது.

இதற்கிடையே வீக்கம். வேறு எந்தத் தொந்தரவும் இல்லை, பொட்டு மட்டும் புடைத்திருக்கிறது என்றால் அது அறுப்பதற்குக் காரணமா? கைக்குழந்தை என்றால், தலை கிடுகிடுவென்று வளர்ந்தால், உச்சிக்குழி விம்மினால் சந்தேகமே இல்லை, அழுத்தத்தை இறக்கியே ஆக வேண்டும். அந்த வயதில் எலும்பும் ஓரளவு ஒத்துழைக்கும், தலை வளர வளரக் கோணல் குறையும். எட்டு, பத்து வயதுப் பிள்ளைக்கு எலும்பு இறுகிவிட்டது. கட்டி சுருங்கினாலும் புடைப்பு பெரும்பாலும் அப்படியே இருக்கும். "வீக்கம் போயிடுமா டாக்டர்?" என்று கேட்கிற அம்மாவிடம் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிள்ளையைக் கோணத்தலை என்று கூப்பிடுகிற வகுப்பறைக்குப் பயந்துதான் அவள் கேட்கிறாள். அந்தப் பயத்தின் மேல் கையெழுத்து வாங்கி மண்டையைத் திறப்பது வேறு காரியம்.

இன்றும் ஸ்கேன் அறிக்கைகளில் நீர்க்கட்டி என்று எழுதிய கையோடு 'பக்க மடல் வளர்ச்சிக் குறைவு' என்ற சொல் ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்க்கலாம். சிலருக்கு மடல் உண்மையாகவே சற்றுச் சிறியதாக இருக்கக்கூடும், அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த அறிக்கையோடு வீட்டுக்குப் போகிற அப்பா அம்மாவுக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் ஒன்றுதான்: நம்ம பிள்ளைக்கு மூளை வளரலை. எலும்பு எந்தப் பக்கம் போயிருக்கிறது, உள்ளேயா வெளியேயா என்று அதே படத்தில் விரல் வைத்துக் காட்ட ஒரு நிமிஷம்கூட ஆகாது.